சாரல் கோபுரத்தில் நான் கண்டுபிடித்த ஓட்டை

அன்பும் பண்பும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். அங்கேயும் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வந்து சேரும்வரைக்காவது அப்படியே இருக்கவும். உங்கள் முழங்கால் வலி, தங்கச்சியின் தையல் வகுப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் கொஞ்சம், விஷயம் பெரிது.

உங்கள் அக்கா தொலைபேசியில் விஷயத்தை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்திருப்பாள். "உங்க அத்தான் லேபுக்குப் போனார். எல்லாத்தையும் கெடுத்தார். இப்போ வீட்டுல உக்காந்திருக்கார்." மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தி நான்கு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எவ்வளவு தாமதம் என்பதோடு நிறுத்தாமல் ஏன் தாமதம் என்பதையும் சொன்னவன் நான். காரணம் சொல்லாமல் தாமதத்தை மட்டும் சொன்னால் சனங்கள் சும்மா விடமாட்டார்கள். ஆகவே காரணத்தையும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஓய்வு பெற்ற முதல் வாரம் வீட்டில் நன்றாகத்தான் போனது. அப்படி என்ன செய்துவிட்டேன் நான்? பால் பொங்கினால் "பால் பொங்குகிறது" என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன், அது தொழில் பழக்கம். வாசலில் கேஸ்காரர் வந்தால் "கவனிக்கவும், வாசலில் கேஸ் சிலிண்டர்" என்று சொன்னேன். உங்கள் அக்கா தலைக்குக் குளித்துவிட்டுக் குளியலறையிலிருந்து புறப்பட்டபோது அதையும் சொல்லிவிட்டேனாம். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தாராம். அவர் வந்ததை நான் ஏற்கெனவே இரண்டு முறை அறிவித்திருந்தேன். தண்ணீர் சத்தத்தில் இவள் காதில் விழாததற்கு நான் என்ன செய்ய? அன்று சாயங்காலம் உங்கள் அக்கா மகளிடம், "ஒண்ணு இவர் பகல்ல வெளிய போகணும், இல்ல நான் போகணும்" என்றாள். மகள் பாவம், தங்கமான குணம். "சரிம்மா, நான் லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். இப்படித்தான் மச்சான் நான் விஞ்ஞானத்துக்குள் காலடி வைத்தேன்.

தாய்மாமன் நீங்கள், அவள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரைத்தளத்தில் ஓர் அறை, நம் கூடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கோபுரம். கோபுரத்தின் உச்சியில் நாசில் என்று ஒன்று இருக்கிறது. குளியலறை ஷவரின் சொந்தக்காரன்தான், ஆனால் ரொம்ப நாகரிகமானது, பொடிப்பொடியாகத் தூவும். பம்ப் ஒரு கார நீரை மேலே தூக்க, நாசில் அதைச் சாரலாக்கிக் கீழே விடும். அடியில் ப்ளோயர் என்று ஒரு விசிறிப் பெட்டி, அறைக் காற்றை இழுத்துக் கோபுரத்துக்குள் ஊதும். காற்று மேலே ஏற, சாரல் கீழே இறங்க, வழியில் இரண்டும் உரசிக்கொள்ளும்போது காற்றில் இருக்கிற கரியமில வாயுவைத் துளிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த அளவுத் துளி எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பதுதான் மகளின் வேலை. இது சரியாக அமைந்தால் நாளைக்குப் பெரிய பெரிய புகைபோக்கிகளின் தலையிலேயே சாரலை வைத்து, வானத்துக்குக் கிளம்புகிற வாயுவை வாசலிலேயே மடக்கிவிடலாமாம். கேட்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்கள் அக்கா மட்டும், "கண்ணாடிக்குள்ள மழை பெய்ய வச்சு அதுக்கு நாலு வருஷமா மார்க் போடுறாங்க" என்றாள்.

அளப்பதற்கு அங்கே ஒரே ஒரு பெட்டிதான் உண்டு. காலை ஒன்பது மணிக்கு அதை வைத்து உள்ளே போகிற காற்றைப் பத்து நிமிடம் அளப்பார்கள். நானூற்றி இருபது என்று காட்டும். எதில் என்று கேட்டால் பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு கரியமில வாயு. அப்புறம் பெட்டியின் குழாயைக் கோபுரத்தின் உச்சிக்கு மாற்றிவிட்டு, சாயங்காலம் வரை வெளியே வருகிற காற்றையே அளந்துகொண்டிருப்பார்கள். அது நூற்றி எண்பது காட்ட வேண்டும். மீதியைச் சாரல் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். காலையில் உள்ளே போன அதே மாதிரிக் காற்றுதான் நாள் முழுக்க உள்ளே போகிறது என்று ஒரு நம்பிக்கை. மச்சான், இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். நான் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான்.

முதல் நாள் போனபோது மகள் எனக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை ஒரு மேலங்கி எல்லாம் மாட்டிவிட்டு, "அப்பா, எதையும் தொடாதீங்க, சும்மா உக்காருங்க" என்றாள். சும்மா உட்கார்ந்தேன். உட்கார்ந்த பத்தாவது நிமிடம், "அம்மாடி, மேல ஏதோ சத்தம் மாறுது" என்றேன். குழாய் வேலை பார்க்கிற ஃபிட்டர் ஒருவர் அங்கே உண்டு. இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பானர் செருகியிருப்பதால் அவர் பெயரே ஸ்பானர் ஆகிவிட்டது. பேச்சு மிகக் கம்மி. அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். நாசிலில் ஒரு ஓட்டை அடைத்திருந்தது! எழுபது பேருந்துகளின் இன்ஜின் சத்தத்தில் எது எது என்று பிரித்துச் சொன்ன காது மச்சான் இது. ஸ்பானர் இறங்கி வந்து, "சார், காதா இது?" என்றார். அந்த மனிதர் ஒரு வாரத்தில் பேசியதே மொத்தம் அவ்வளவுதான். அன்று முதல் நான் அங்கே நாசில் கேட்பவன். மகள் என்னை எல்லாரிடமும் "எங்க அப்பா, காது வச்சே சொல்லிடுவார்" என்று அறிமுகப்படுத்தினாள். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக நான் காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன்.

எனக்கென்று ஒரு நாற்காலியும் கிடைத்தது. அறையில் புழுக்கம் தாங்காது. ப்ளோயர் காற்றை இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் மட்டும் சிலுசிலுவென்று இருக்கும். அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன், ஒரு சாண் தூரம்தான். தினமும் நிதானமாகப் பத்து மணிக்குப் போவேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்? டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சியையும் அங்கேயே செய்வேன். வயிறு முதுகில் ஒட்டுகிறவரை மூச்சை வெளியே விட வேண்டும், மணிக்கு இருபது முறை. நடுநடுவே ஸ்பானருக்கு உலக அனுபவம் சொல்வேன். அவர் பதில் பேசாததால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது.

நான் போன அதே வாரம்தான் கோபுரத்தில் புது நாசில் மாட்டியிருந்தார்கள். அந்த வாரமே அளவு கெட்டது. காலையில் சமத்தாக நூற்றி எண்பதில் நிற்கிற கோடு, பத்து மணிக்கு மேல் இருநூற்றிப் பத்து, இருநூற்றி நாற்பது என்று ஏறியது. சாரல் சரியாகக் குடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மகள் முகம் வாடிவிட்டது. அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட ஒரு குழு பார்வையிட வருகிறது. அதற்கு முன் மூன்று நாள் அடுத்தடுத்து ஒரே அளவு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கோபுரத்தைப் பிரித்து மூட்டை கட்டிவிட்டு, திங்கட்கிழமை அந்த அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான்கு வருட உழைப்பு. "எங்கயோ ஓட்டை இருக்குப்பா, கண்ணுக்குத்தான் தெரியல" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "உன் அப்பன் கல்லு மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கேன், நீ ஏன் கவலைப்படுறே? அந்த ஓட்டையை நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாசிலின் மேல் சந்தேகம். ஸ்பானர் அதைக் கழற்றி, ஊதி, கழுவி, மறுபடி மாட்டினார். கோடு இறங்கவில்லை. கார நீர் பழசாகிவிட்டதோ என்று பீப்பாய் முழுக்க மாற்றினார்கள். இறங்கவில்லை. அப்புறம் குழாய் இணைப்புகள். சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் வரும் என்றார்கள். பிரஷ்ஷை நான் வாங்கிக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தியொரு இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் நுரை தடவி, முகத்தைக் கிட்டே வைத்து, குமிழ் வருகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்து, "ஏழாம் எண் இணைப்பு, கோளாறு இல்லை, ஏழாம் எண் இணைப்பு" என்று உரக்கச் சொன்னேன். ஒரு குமிழும் வரவில்லை. தரையில் சிந்திய நுரையில் மட்டும், அந்த இடத்துக்கே தலைவியான பெரிய மேடம் வழுக்கி, கோபுரத்தைப் பிடிக்கப் போய், ஸ்பானர் நடுவில் பாய்ந்து, கடைசியில் என் மேலங்கியைப் பிடித்துத் தொங்கி நின்றார். "நீங்க யாரு?" என்று கேட்டார். "நாசில் கேட்பவன்" என்றேன். அவருக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை.

அப்புறம் என் புத்திக்கு இன்னொன்று பட்டது. ஜன்னலுக்கு வெளியே ஐஸ்கிரீம் வண்டி ஒன்று இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் புகைதான் உள்ளே வருகிறது, வேறென்ன! ஓடினேன். வண்டியோட்டி, "அணைச்சா சரக்கு உருகிடும் சார்" என்றார். "நீ உருகாம வச்சிருக்கிறது ஐஸ்கிரீம், உள்ள உருகிட்டிருக்கிறது என் பொண்ணு" என்று இருபது நிமிடம் வாதாடி வண்டியைத் தெருமுனைக்குத் துரத்தினேன். வெற்றியோடு மூச்சிரைக்க ஓடிவந்து, என் நாற்காலியில் விழுந்து, திரையைப் பார்க்கிறேன், முந்நூறு! அதுவரை வராத உச்சம். "வண்டி போன பிறகும் ஏறுதே!" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் அவளுக்கு ஆறுதலாக இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கடுத்தது செடி. மூலையில் பெரிய மேடம் வைத்திருந்த தொட்டிச் செடி. செடிகள் இருட்டில் கரியமில வாயு விடும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த மூலை எப்போதும் இருட்டு. அங்கே நிற்கிற செடிக்கு இது பகல் என்று யார் சொல்வது? யாரிடமும் கேட்காமல் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். இரண்டே நாள் வெயிலில் அது மூளிக் குச்சியாகிவிட்டது. பெரிய மேடம் அதைப் பதினோரு வருடமாக வளர்த்தாராம். அது இது என்று நடுவில் வாரங்கள் ஓடியதுதான் மிச்சம். இதில் வேதனை என்னவென்றால், ஒரு செவ்வாய்க்கிழமை நான் பல் பிடுங்கப் போயிருந்தேன், அன்றைக்கென்று அளவு பிசகாமல் நூற்றி எண்பது. கண்கொள்ளாக் காட்சியை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஒரு கன்னம் வீங்கியபடி வருத்தப்பட்டேன்.

போன சனிக்கிழமை மகள் மூன்று வாரக் கோடுகளையும் அச்செடுத்து மேசைமேல் விரித்தாள். சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் இருக்கும், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "இந்த மேடு எல்லாம் ஏதோ ஒரு நேரக் கணக்குல வருது. எந்த நேரத்துல இந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு யாராவது எழுதி வச்சிருந்தா போதும், பிடிச்சிடலாம்" என்றாள். மச்சான், என் நெஞ்சு விம்மியது. நான்தான் எழுதுவேனே! மணி, நிமிடம், நடந்தது, எல்லாம். முப்பத்தி நான்கு வருடப் பழக்கம் விட்டுப்போகுமா? பையிலிருந்து என் டைரியை எடுத்து, பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன். அவள் படிக்க, ஸ்பானர் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"பத்து மணி அஞ்சு. நாற்காலி. மூச்சுப் பயிற்சி, இருபது முறை."

"மேடு" என்றார் ஸ்பானர்.

"பதினொண்ணு. மூச்சுப் பயிற்சி."

"மேடு."

"பதினொண்ணு இருபதுலேருந்து பன்னிரண்டு வரை. வெள்ளத்துல மாட்டின பதினேழு பஸ்ஸை ஒத்தை மைக்ல திருப்பி விட்ட கதை. ஸ்பானர் ஆர்வமாகக் கேட்டார்."

"பெரிய மேடு." விரலை எடுக்காமலே, "ஆர்வமாக் கேக்கல மேடம்" என்றார்.

"பன்னிரண்டு. கதை சொன்ன களைப்புக்காக மூச்சுப் பயிற்சி, முப்பது முறை."

"மேடு, மேடுக்கு மேல மேடு."

"செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர். லேபுக்குப் போகவில்லை."

"சமதரை."

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "பார்த்தியா, ஒரு நிமிஷம்கூட விடாம எழுதியிருக்கேன்!" என்று பெருமையாகச் சிரித்தேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், ஒரு சாண் தள்ளி இருக்கிற ப்ளோயரின் வாயைப் பார்த்தாள். மேசையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்து என் உதட்டுக்கு நேரே பிடித்து, "அப்பா, ஏதாவது சொல்லுங்க" என்றாள். "என்னம்மா சொல்லணும்?" என்றேன். காகிதம் அவள் விரலை விட்டுப் பறந்து நேரே ப்ளோயரின் வலையில் போய் ஒட்டிக்கொண்டது. வாயால் விடுகிற காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிட நூறு மடங்காம். நான் அதை நாள் முழுக்கக் கோபுரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சாரல் பாவம், காற்றையும் குடித்து, என்னையும் குடித்து, முடிந்த மட்டும் போராடியிருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொன்னேனா இல்லையா? என் கைப்பட எழுதிய டைரியிலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். ஓட்டை என் மூக்குக்குக் கீழேதான் இருந்தது.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கப்பா. நாளைலேருந்து வர வேண்டாம்" என்றாள். "வியாழக்கிழமைக்கு அப்புறம் வரலாமாம்மா?" என்று கேட்டேன். அவள் மேசைமேல் விரித்திருந்த கோடுகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். நாற்காலியை ஸ்பானர் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் போட்டார். எனக்கு அது ரொம்ப வலித்தது மச்சான், மறைப்பானேன்? அவளுக்குக் கை கொடுக்கப் போய்க் காலை வாரிவிட்டேனே என்று வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் உங்கள் அக்கா, "நீங்க வாயைத் திறந்தா காத்து கெடும்னு முப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்றேன். அதுக்குப் பெட்டி வச்சு வேற அளக்கணுமா?" என்றாள்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இனிப் பேச்சு கிடையாது. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். மூச்சுப் பயிற்சியையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். இதில் உங்கள் அக்காவுக்கு வந்திருக்கிற சந்தோஷம் இருக்கிறதே! காபியில் எனக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போடுகிறாள், வேலை செய்யும்போது பாட்டு வேறு. அங்கே கோபுரத்திலும் அதே கதை. திங்கள் நூற்றி எண்பது. செவ்வாய் நூற்றி எண்பத்தொன்று. இன்று புதன், நூற்றி எண்பது. மகள் வந்து சொன்னபோது "மிக்க மகிழ்ச்சி" என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். மகிழ்ச்சிதான், பொய் இல்லை. ஆனால் நான் இல்லாவிட்டால்தான் எல்லாம் சரியாக நடக்கிறது என்பதை ஒரு மனுஷனுக்கு எண்ணோடு, புள்ளி விவரத்தோடு நிரூபிப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

நாளைக்கு அந்தக் குழு வருகிறது. இதே ஊரில் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே மச்சான், சனிக்கிழமை புறப்பட்டு உங்கள் வீட்டுக்கு வருவதாக இருக்கிறேன். ஒரு மாதம், அல்லது உங்கள் பொறுமை தீரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை தங்குவேன். பின்பக்கத்து அறையை ஒழித்து வையுங்கள். ஜன்னலோரம் கட்டில் போதும். தலையை வெளிப்பக்கம் வைத்துப் படுத்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டுக் காற்றுக்கு என்னால் பங்கம் வராது. வாய் திறக்கமாட்டேன். சீட்டுக்கட்டு நானே கொண்டுவருகிறேன், எழுதுகிற சீட்டு.

உங்கள் முழங்கால் பூரண குணமாகவும், தங்கச்சியின் ஊசியில் நூல் சிக்காமலும், பிள்ளைகள் பரீட்சையில் முந்தி வரவும், உங்கள் இல்லத்தில் காற்றும் மனசும் என்றும் சுத்தமாக இருக்கவும் வாயால் வாழ்த்தாமல், காற்றுக்குச் சேதமில்லாமல், மையால் மட்டும் வாழ்த்தி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும் அத்தான்,
முன்னாள் அறிவிப்பாளர், முன்னாள் நாசில் கேட்பவன்.

பி.கு.: வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதுவது. அறையை ஒழிக்க வேண்டாம். ஒழித்திருந்தால் சாமான்களைத் திரும்ப வைத்துவிடுங்கள். நான் வரவில்லை.

நேற்று குழு வந்ததாம். தலைமை தாங்கியவர் முழுக்க நரைத்த ஒரு அம்மாள். மூன்று நாள் அளவையும் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா. இவ்வளவு அழகா இருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வரும். உள்ள போற காத்து மாறினா இந்தப் பெட்டி காட்டிக் கொடுக்குமா, இல்ல நூத்தி எண்பதுலயே தூங்குதா?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சோதிப்பதற்கென்று வைத்திருந்த வாயு சிலிண்டர், மூன்று வாரம் ஓட்டையைத் தேடியதில் காலி. புதுசு வர இரண்டு வாரம். அறையோ திங்கட்கிழமை கைமாறிவிடும். பெரிய மேடம் கையைப் பிசைய, மகள், "கால் மணி நேரம் கொடுங்க. என்கிட்ட ஒரு ஆள் இருக்கார்" என்றாளாம்.

தொலைபேசி வந்தது. நான் விரதத்தில் இருந்ததால் "உம்" என்றேன். "அப்பா, உடனே ஓடி வாங்க. நாற்காலியைப் போட்டாச்சு" என்றாள். எந்தச் செருப்பில் கால் நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. போய் உட்கார்ந்தேன். குழு மூன்று பேர், பெரிய மேடம், ஸ்பானர், மகள், எல்லாரும் திரையைப் பார்த்து நிற்கிறார்கள். மகள் எல்லார் முன்னாலும், "பேசுங்கப்பா" என்றாள். மச்சான், பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. கேட்டதும் வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. பயத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டுவிட்டேனாம். கோடு நூற்றி எண்பதில் அசையாமல் நிற்கிறது. மகள் முகம் வெளுக்கிறது. அப்போது அந்த நரைத்த அம்மாள் மெதுவாக, "உங்க பொண்ணு சின்ன வயசுல எப்படி?" என்று கேட்டார்.

ஏழு வயதில் அளவுக் குவளையோடு குளியலறை வாசலில் நின்று, வீட்டில் யார் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறார்கள் என்று சுவரில் எழுதி வைத்ததைச் சொன்னேன். கோடு இருநூறு. மழை பெய்தால் எல்லாப் பிள்ளைகளும் நனைய, இவள் மட்டும் ஒவ்வொரு ஜன்னலிலும் எத்தனை துளி விழுகிறது என்று எண்ணி, மூன்றாவது ஜன்னல் ஏமாற்றுகிறது என்று அழுததைச் சொன்னேன். இருநூற்றி அறுபது. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய அன்றைக்கு என்னால் தாங்க முடியாமல், விரைவுப் பேருந்து புறப்படுகிற அறிவிப்புக்கு நடுவே அதை மைக்கில் சொல்லிவிட்டேன், நிலையம் முழுக்கக் கைதட்டியது, மேலதிகாரி எனக்கு மெமோ கொடுத்தார், அந்த மெமோவை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதைச் சொன்னேன். இது மகளுக்கே தெரியாது. முந்நூற்றி நாற்பது. அப்புறம் நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "போதும்பா, மானம் போகுது" என்று அவள் கண்ணைத் துடைத்தபோதுதான் நிறுத்தினேன். கோடு திரையின் மேல்விளிம்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது. என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். சமர்த்தாக இறங்கி நூற்றி எண்பதில் நின்றது. மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள், ஏறியது. மூன்று முறை. ஸ்பானர்கூடக் கைதட்டினார்.

கோபுரத்துக்கு இன்னும் இரண்டு வருடம் அனுமதி கிடைத்துவிட்டது. இன்று அறிக்கை வந்தது. அதில் ஒரு நிபந்தனை: மாதம் ஒரு முறை மேற்படி நபரை மேற்படி நாற்காலியில் அமர்த்தி, அரை மணி நேரம் பேசவைத்து, பெட்டியைச் சரிபார்க்க வேண்டும். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய், "பார்த்தியா, என்னைப் பேசச் சொல்லி எழுத்துல உத்தரவு வந்திருக்கு!" என்று உங்கள் அக்காவிடம் நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"மாசத்துக்கு அரை மணி நேரம்னுதான் போட்டிருக்கு" என்றாள்.